வரி போடுகிறவர் வரி கட்டினாரா?

வரி பாக்கி வைத்தவன் வீட்டு வாசலில் பில் கலெக்டர் வந்து நிற்பது நாம் எல்லோரும் கண்ட காட்சிதான். முதலில் பில் வரும்; பிறகு நோட்டீஸ் வரும்; அதற்கும் அசையாவிட்டால் ஜப்தி என்ற பேச்சு வரும். இட்லிக் கடை வைத்து ஜீவிக்கும் ஓர் ஏழை விதவை, கைமாற்று வாங்கியாவது அரை வருஷத்து வரியைக் கட்டிவிட்டு, ரசீதை மடித்து அரிசிப் பானைக்குள் பத்திரப்படுத்திக் கொள்கிறாள். அதே தெருக் கோடியில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதன் சொந்தக்காரர் அந்த வட்டாரத்தின் கவுன்சிலர். அந்த மண்டபத்துக்கு எத்தனை அரை வருஷத்து வரி பாக்கி நிற்கிறதென்று பில் கலெக்டருக்குத் தெரியும். ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் தெரியும். ஆனால் அந்த வாசலில் நோட்டீஸோடு போய் நிற்க இருவருக்கும் துணிவில்லை.

இது எந்த ஊர் என்று வாசகர்கள் கேட்க வேண்டாம். குறிப்பிட்ட ஊர் எதையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. ஆனால், "எங்கள் ஊரில் இப்படிக் கிடையாது" என்று எத்தனை வாசகர்களால் நிச்சயமாகச் சொல்ல முடியும்? தங்கள் கவுன்சிலரோ, பஞ்சாயத்துத் தலைவரோ இந்த அரை வருஷத்து வரியைக் கட்டிவிட்டாரா என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? நிச்சயமாகச் சொல்ல முடியாத இந்த நிலைமையே நாம் இங்கே ஆராய வேண்டிய விஷயம்.

ஊரார் பணம்

வரி பாக்கி வைப்பவர்கள் பலர் இருக்க, ஸ்தல ஸ்தாபன அங்கத்தினர்களை மட்டும் தனியே பிரித்துக் குற்றம் சொல்வானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. வருமான வரி டில்லிக்குப் போகிறது. அது எப்படிச் செலவாகிறது என்பதை நாம் தூரத்திலிருந்து பார்க்கிறோம். வீட்டு வரியும் சொத்து வரியும் அப்படிப்பட்டவையல்ல. ஊரில் வசூலாகி, ஊரிலேயே செலவாகிற பணம் அது. சாக்கடையை அள்ளுவதும், தெரு விளக்கை எரியவிடுவதும், குப்பை வண்டிக்கு ஆள் போடுவதும் அந்தப் பணத்தைக் கொண்டுதான். 1948-ஆம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி, வரி ரூபாய் ஒன்றுக்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரியும் இத்துடன் சேர்த்து வசூலாகிறது. ஆகையால் ஒருவர் சொத்து வரியை நிறுத்தி வைத்தால், ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் புஸ்தகத்தின் விலையையும் சேர்த்தே நிறுத்தி வைக்கிறார்.

அதோடு, அங்கத்தினர் மற்ற வரி பாக்கிதாரரைப் போன்றவர் அல்லர். வரியைப் போடுகிற சபையில் உட்கார்ந்திருப்பவர் அவர். அரசியல் சட்டத்தின் 73, 74-ஆவது திருத்தங்கள் 1993-இல் அமுலுக்கு வந்தபோது, பஞ்சாயத்துகளுக்கும் நகராட்சிகளுக்கும் வரி விதித்து வசூலிக்கும் அதிகாரத்தை ராஜ்யச் சட்டசபைகள் அளிக்கலாம் என்று 243-எச், 243-எக்ஸ் ஷரத்துகள் வகை செய்தன. பிறரிடம் வரி கேட்கும் அதிகாரம் அற்பமான அதிகாரமல்ல. அதைக் கையில் வைத்திருப்பவர் தம் பங்கைக் கொடுக்காமலிருந்தால், பாக்கித் தொகை எவ்வளவு என்பது இரண்டாவது விஷயம். ஊரார் அத்தனை பேருக்கும் அவர் ஒரு பாடம் கற்பிக்கிறார் என்பதுதான் முதல் விஷயம். வரி என்பது பயந்தவன் கட்டுவது என்பதே அந்தப் பாடம்.

தமிழ் நாட்டிலேயே சமீப காலத்து உதாரணம் ஒன்று உண்டு. 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி நகர்ப்புற ஸ்தாபனங்களுக்குத் தேர்தல் நடந்தது. மார்ச் 2-ஆம் தேதி கவுன்சிலர்கள் பதவிப் பிரமாணம் எடுத்துக் கொண்டார்கள். அதற்கு ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 1-ஆம் தேதியன்று, சொத்து வரி உயர்வை ராஜ்ய சர்க்கார் அறிவித்தது. 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு நூற்றுக்கு 25 என்று ஆரம்பித்து, சென்னையின் பழைய பகுதிகளிலுள்ள பெரிய வீடுகளுக்கு நூற்றுக்கு 150 வரையில் உயர்வு போயிற்று. சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் பொதுச் சீராய்வு நடக்கவில்லை என்பதும், சொத்து வரியைச் சீர்திருத்தினால்தான் மத்திய நிதிக் கமிஷனின் மானியம் கிடைக்கும் என்ற நிபந்தனையும் சர்க்கார் தரப்பில் சொல்லப்பட்ட காரணங்கள். காரணங்கள் நியாயமாகவே இருக்கட்டும். உயர்வுத் தீர்மானம் மாமன்றங்களிலும் நகர மன்றங்களிலும் வந்தபோது, ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் வெகு நேரம் பேசினார்கள். பேச எழுந்தவர் தம் வீட்டுக்குப் பழைய விகிதப்படி உள்ள வரியையாவது பாக்கியின்றிக் கட்டியவரா என்பதை வோட்டர்கள் தெரிந்து கொள்ள வழியுண்டா? இல்லை.

பழைய முறையும் புதிய முறையும்

உள்ளூர்ப் பதவிக்கும் வரிக்கும் உள்ள தொடர்பு நம் நாட்டில் புதிதல்ல. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921-ஐ ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டைப் பற்றி நம்மவர் பெருமையோடு பேசுகிறார்கள். குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால், கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் உடையவனாக இருக்க வேண்டும் என்பது அதில் கண்ட விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமின்றி, அவனுடைய நெருங்கிய உறவினரையும் அந்த விதி விலக்கி வைத்தது. அந்தச் சபை அந்தணர்களின் சபை. மற்றவர்களுக்கு அதில் இடமிருக்கவில்லை. அந்தக் குறையை மறைத்துப் பெருமை பேச வேண்டியதில்லை. ஆயினும் கணக்குக் கொடுக்காதவன் திரும்ப வரக்கூடாது என்ற நியாயத்தை, ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தார்கள் என்பது உண்மை.

பிரிட்டிஷ் ஆட்சியில் நிலைமை வேறு விதமாக இருந்தது. 1882-இல் ரிப்பன் பிரபு ஸ்தல சுய ஆட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். அதற்குப் பிறகு வளர்ந்த முனிசிபாலிட்டிகளில், சொத்து உள்ளவனுக்கும் வரி கட்டுகிறவனுக்கும்தான் பெரும்பாலும் வோட்டு. கூலிக்காரனுக்கு வோட்டில்லை, பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு வோட்டில்லை. 1950-இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டம் அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது. வயது வந்த ஒவ்வொருவருக்கும் வோட்டு என்றாயிற்று. வரி ரசீதுக்கும் வோட்டுக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. அது அவிழ்ந்தது தர்மமே. அதை யாரும் மறுபடி போட விரும்பக் கூடாது.

ஆனால் ஒரு முடிச்சை அவிழ்க்கும்போது இன்னொரு முடிச்சும் கூடவே தளர்ந்துவிட்டது. வோட்டுப் போடுகிறவன் வரி கட்டியிருக்க வேண்டியதில்லை என்பது வேறு. வோட்டு வாங்கிப் பதவியில் அமர்ந்து வரி போடுகிறவன் வரி கட்ட வேண்டியதில்லை என்பது வேறு. முதலாவது ஜனநாயகம். இரண்டாவது பழைய ஜமீன்தாரி மனப்பான்மை.

வரிமறுப்பு நம் தேசிய இயக்கத்தின் ஆயுதமல்லவா என்று சாமர்த்தியமாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆம், ஆயுதம்தான். 1921-இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சீராலை-பேராலையில், தங்கள் தலையில் கட்டப்பட்ட முனிசிபாலிட்டியையும் அதன் வரியையும் ஏற்க மறுத்த ஜனங்கள், துக்கிரால கோபாலகிருஷ்ணய்யாவின் தலைமையில் வீடு வாசலை விட்டு வெளியேறிக் குடிசைகளில் பல மாதங்கள் கிடந்தார்கள். 1928-இல் பர்தோலிக் குடியானவர்கள், நூற்றுக்கு 22 என்று உயர்த்தப்பட்ட நிலவரியைக் கட்ட மறுத்து, சர்தார் பட்டேலின் தலைமையில் மாட்டையும் நிலத்தையும் ஜப்திக்குக் கொடுத்தார்கள். அவர்கள் பகிரங்கமாக மறுத்தார்கள். மறுத்ததற்குரிய கஷ்டத்தைத் தாங்களே அநுபவித்தார்கள். பதவியில் உட்கார்ந்துகொண்டு, பில் கலெக்டரின் வாயை அடைத்து, பாக்கியை ரகசியமாக வைத்துக்கொள்கிறவருக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? சத்தியாக்கிரகி ஜப்தியை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறான். இவரோ ஜப்தியைத் தம் வாசலுக்கு வராமல் தடுத்துவிட்டு உள்ளே தூங்குகிறார்.

வாசலில் விழிக்கும் சட்டம்

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பஞ்சாயத்து, நகராட்சி அங்கத்தினர்களின் தகுதியின்மையை வகுக்கும் பொறுப்பை அரசியல் சட்டத்தின் 243-எஃப், 243-வி ஷரத்துகள் ராஜ்யச் சட்டசபைகளிடம் விட்டிருக்கின்றன. 1920-ஆம் வருஷத்துச் சென்னை ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டத்திலும், 1994-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திலும் வரி பாக்கியைப் பற்றிய விதிகள் இடம்பெற்றன. பில்லோ நோட்டீஸோ முறைப்படி கொடுக்கப்பட்டு, கெடுவும் கடந்த பாக்கி உள்ளவர் தேர்தலில் நிற்கக் கூடாது. பதவியில் இருப்பவரானால், நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் பதவி போய்விடும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் நிற்பவர் இத்தகைய பாக்கியால் தகுதி இழப்பதில்லை. பாக்கி இருந்தால் பிரமாணப் பத்திரத்தில் காட்டினால் போதும். வார்டு அங்கத்தினருக்குள்ள விதி மந்திரிக்குக் கிடையாது.

ஆகையால் வேட்பு மனுத் தாக்கல் செய்யும் வாரத்தில் பஞ்சாயத்து ஆபீஸ்களும் நகராட்சி வரிக் கவுண்டர்களும் திருவிழாக் கோலம் பூணுகின்றன. பல வருஷமாகக் காணாத முகங்கள் அங்கே தென்படுகின்றன. வீட்டு வரி, குடிதண்ணீர்க் கட்டணம், தொழில் வரி எல்லாம் ஒரே நாளில் தீர்க்கப்பட்டு, "பாக்கி ஏதுமில்லை" என்ற சான்று வாங்கப்படுகிறது. 2019 டிசம்பரில் கிராமப்புறத் தேர்தலின்போதும், 2022-இல் நகர்ப்புறத் தேர்தலின்போதும் நம்மில் பலர் அந்த வரிசையைக் கண்டோம். வசூலான மட்டில் நல்லதுதான்.

ஆனால் அந்த வாசலைக் கடந்த பிறகு என்ன? ஐந்து வருஷம் பதவி; ஐந்து வருஷத்துக்குப் பத்து அரை வருஷம். வாசலில் ஒரு நாள் விழித்த சட்டம், அந்தப் பத்து அரை வருஷமும் தூங்குகிறது. அது தூங்குவதற்கான காரணம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பதவி போக வேண்டுமானால் முதலில் நோட்டீஸ் கொடுக்கப்பட வேண்டும். நோட்டீஸ் கொடுக்க வேண்டியவர் யார்? நகராட்சியில் கமிஷனர்; அவருக்குக் கீழே பில் கலெக்டர். அந்த அங்கத்தினர் மன்றத்தில் எழுந்து எந்த உத்தியோகஸ்தரையும் கேள்வி கேட்கக்கூடியவர். இடமாற்றத்துக்குச் சிபாரிசு செய்யக்கூடியவர். கிராமத்தின் நிலைமை இன்னும் விசேஷம். தமிழ் நாட்டில் கிராம ஊராட்சியின் நிர்வாக அதிகாரி ஊராட்சித் தலைவரேதான். அதாவது தலைவருக்குப் பாக்கி இருந்தால், தமக்குத் தாமே நோட்டீஸ் அனுப்பி, தாமே அதைப் பெற்றுக்கொண்டு, மூன்று மாதம் எண்ணி, தமது பதவியைத் தாமே இழக்க வேண்டும்! அத்தகைய தர்மாத்மா பாக்கியே வைத்திருக்க மாட்டார்.

ஆகவே கோர்ட்டு வரையில் போகும் விவகாரங்களில் பாக்கி உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் சண்டையாவதில்லை. பில் முறைப்படி சேர்ந்ததா, கையெழுத்து யாருடையது, எந்தத் தேதியிலிருந்து மூன்று மாதம் என்பதே சண்டையாகிறது. பில்லைச் சேர்ப்பிக்காமல் விடுவதே பாக்கிதாரருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் என்பதை ஆபீஸில் உள்ளவர்கள் நன்றாக அறிவார்கள்.

பாக்கி இல்லாத ஏமாற்று

பாக்கிக் கணக்கில் அகப்படாத வழிகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் இந்த விஷயம் பூர்த்தியாகாது.

கட்டடத்தின் பரப்பு, அது அமைந்துள்ள தெருவின் மதிப்பு, அதன் உபயோகம் ஆகியவற்றைக் கொண்டு சொத்து வரி நிர்ணயிக்கப்படுகிறது. குடியிருப்புக்கு ஒரு விகிதம். வியாபாரத்துக்கு அதைவிட அதிகம். கீழே நான்கு கடைகளை வாடகைக்கு விட்டு, கணக்கில் மட்டும் "குடியிருப்பு" என்று வைத்திருப்பவருக்குப் பாக்கி இராது. மூன்றாவது மாடியைக் கட்டிவிட்டு, இரண்டு மாடிக்கு வரி கட்டுகிறவருக்கும் பாக்கி இராது. இருவரும் ரசீதை உயர்த்திக் காட்டலாம். அளந்து பார்க்க வருகிற சிப்பந்திக்கு அந்த வீட்டின் வாசல் தாண்டத் தைரியம் வேண்டும். வரி அதிகம் என்று முறையிட்டால், அதைக் கேட்க வரி மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. நகராட்சிகளில் அந்தக் குழுவில் உட்காருகிறவர்களும் அங்கத்தினர்களே.

இன்னொரு வழி குடும்பத்தின் பெயர். சட்டம் "அவரால் செலுத்தப்பட வேண்டிய" பாக்கியைப் பற்றிப் பேசுகிறது. வீடு மனைவியின் பெயரிலும், மண்டபம் தம்பியின் பெயரிலும், கடை மைத்துனன் பெயரிலும் இருந்தால், அங்கத்தினர் நிர்மலமானவர். மகாராஷ்டிரம் இந்த ஓட்டையை ஓரளவு அடைத்திருக்கிறது. அங்கே 1958-ஆம் வருஷத்துக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டத்தின் 14-ஆவது ஷரத்துப்படி, பில் கொடுக்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் வரி கட்டாதவர் அங்கத்தினராக நீடிக்க முடியாது. பிரிவுபடாத ஹிந்துக் குடும்பத்தில் ஒருவர் கட்டத் தவறினால், குடும்பத்தின் அங்கத்தினர் எல்லோருக்கும் அந்தத் தகுதியின்மை பொருந்தும் என்று அந்த ஷரத்தின் விளக்கம் கூறுகிறது. பதவி காலியாயிற்றா என்ற கேள்வியை யார் வேண்டுமானாலும் கலெக்டரிடம் கிளப்பலாம். கலெக்டர் தாமாகவும் எடுத்துக் கொள்ளலாம். ஊரில் உள்ள சாதாரண பிரஜைக்குக் கதவு திறந்திருக்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆனால் அங்கேயும் பில் சேர்ந்ததை நிரூபிக்க வேண்டிய தொல்லை தீரவில்லை.

இங்கிலாந்தில் ஒரு வழி

நமக்கு முனிசிபாலிட்டியைக் கொண்டு வந்தவர்களின் தேசத்தில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதில் தவறில்லை. 1992-ஆம் வருஷத்து ஸ்தல சர்க்கார் நிதிச் சட்டத்தின் 106-ஆவது ஷரத்து அங்கே அமுலில் இருக்கிறது. ஓர் அங்கத்தினர் தம் கவுன்சில் வரியை இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி வைத்திருந்தால், வரி அளவைப் பற்றி முடிவு செய்யும் கூட்டத்தில் அந்த விஷயத்தை அவரே எழுந்து சொல்ல வேண்டும். அந்தப் பிரேரணையில் வோட்டளிக்கக் கூடாது. மீறினால் அது கிரிமினல் குற்றம், அபராதம் உண்டு. பதவியைப் பறிப்பதில்லை, வீட்டை ஜப்தி செய்வதில்லை. சக அங்கத்தினர்கள் எதிரில், பத்திரிகை நிருபர்கள் எதிரில், "எனக்கு வரி பாக்கி" என்று சொல்ல வைக்கிறார்கள். அவ்வளவுதான். மானமுள்ளவனுக்கு அதைவிடப் பெரிய ஜப்தி எது?

அங்கேயும் மறைக்கப் பார்த்தவர்கள் உண்டு. வரி பாக்கிக்காக நடவடிக்கைக்கு உள்ளான அங்கத்தினரின் பெயரைச் சொல்லும்படி, போல்டன் நகரத்தில் ஒரு பத்திரிகையாளர் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டார். அது சொந்த விஷயம் என்று நகர சபை மறுத்தது. விவகாரம் மேல் தீர்ப்பாயம் வரை போயிற்று. பெயரை வெளியிட வேண்டும் என்று 2016-இல் தீர்ப்பாயிற்று. பொதுப் பதவியை ஏற்றவர் இத்தகைய விஷயத்தில் ஜனங்களின் பரிசீலனைக்கு உட்பட்டவர் என்பதும், பாக்கி உள்ளவர் பட்ஜெட்டில் வோட்டளிக்க முடியாதாகையால் அது அவருடைய கடமையையே பாதிக்கிறது என்பதும் அங்கே எடைபோடப்பட்டன. வரி கட்டாமலிருப்பது வீட்டு விஷயம் என்ற வாதம் அன்று தோற்றது.

மூன்று ஆட்சேபணைகள்

இனி ஆட்சேபணைகளைக் கவனிப்போம். முதலாவது, ஏழைகளின் கதி என்ன என்பது. இது அலட்சியம் செய்யக்கூடிய ஆட்சேபணை அல்ல. 2015-இல் ஹரியானா சர்க்கார் பஞ்சாயத்துச் சட்டத்தைத் திருத்தி, குறிப்பிட்ட படிப்பு இல்லாதவர்களையும், வீட்டில் கக்கூஸ் இல்லாதவர்களையும், கூட்டுறவுக் கடனும் மின்சாரக் கட்டணமும் பாக்கி உள்ளவர்களையும் தேர்தலில் நிற்கவொட்டாமல் செய்தது. அந்த வருஷம் டிசம்பர் 10-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ராஜ்பாலா வழக்கில், அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு எப்படியிருப்பினும், ஒன்றை நாம் மறக்கலாகாது. விளைச்சல் பொய்த்ததால் கடன் கட்ட முடியாத குடியானவனும், கட்ட முடிந்தும் கட்டாத மண்டபக்காரரும் ஒரே தட்டில் நிறுத்தப்பட்டால், அங்கே நியாயம் இல்லை. நாம் கேட்பது கடன்காரனை விலக்கும் சட்டமன்று. தான் உட்காரும் சபை விதித்த வரியை, பதவியில் இருக்கும் காலத்தில், பகிரங்கமாகத் தீர்த்துவிடும் கடமையைத்தான் கேட்கிறோம். கஷ்டத்தில் உள்ள அங்கத்தினருக்குத் தவணை கொடுக்கட்டும். அந்தத் தவணையையும் எல்லோரும் அறியட்டும்.

இரண்டாவது, கட்சிப் பழி. எதிர்க் கட்சி அங்கத்தினருக்கு மட்டும் நோட்டீஸ் பறக்கும். ஆளும் கட்சிக்காரருக்குப் பறக்காது என்பார்கள். நடக்கக்கூடியதே. ஆகவேதான் ஒருவர் பாக்கியை மட்டும் கிளறும் முறை கூடாது; அங்கத்தினர் அனைவரின் கணக்கும் ஒரே தேதியில், ஒரே தாளில் வர வேண்டும் என்கிறோம். வரி நிர்ணயமே தவறு என்று யோக்கியமாக அப்பீல் செய்திருப்பவர், ஒப்புக்கொண்ட தொகையைக் கட்டிவிட்டு, மீதி வழக்கில் இருப்பதாக அதே தாளில் எழுதிக் கொள்ளட்டும்.

மூன்றாவது, சொந்த விஷயம் என்ற கூச்சல். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் தனி மனிதர் விவரங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த விலக்கை அகலப்படுத்தவும் வகை செய்தது. ஆயினும், மறைப்பதால் வரும் தீங்கைவிட வெளியிடுவதால் வரும் பொது நன்மை பெரிதானால் வெளியிடலாம் என்று கூறும் 8-ஆவது ஷரத்தின் இரண்டாம் உட்பிரிவு இருந்துகொண்டே இருக்கிறது. இட்லிக் கடை விதவையின் பாக்கியை ஊருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அவளுக்கு வரி போடுகிறவரின் பாக்கியைச் சொல்ல வேண்டிய அவசியம் உண்டு.

செய்ய வேண்டியது

சட்டசபை செய்ய வேண்டியவை நான்கு. ஒவ்வோர் அரை வருஷமும் முடிந்ததும், அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும், அவருடன் கூடி வாழும் குடும்பத்தாருக்கும் ஆபீஸ் கணக்கில் உள்ள கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று ஆபீஸ் வாசலில் ஒட்ட வேண்டும். அந்தக் கட்டடங்களின் அளவையும் உபயோகத்தையும் வெளியூர் உத்தியோகஸ்தரைக் கொண்டு பதவிக் காலத்தில் ஒரு தடவையாவது அளக்க வேண்டும். அங்கத்தினருக்கும் தலைவருக்கும் நோட்டீஸ் கொடுக்கும் வேலையை, அவர்களுக்குக் கீழ்ப்படாத ஜில்லா அதிகாரியிடம் ஒப்படைத்து, தகுதியிழப்பைப் பற்றி முறையிடும் உரிமையை எந்த வோட்டருக்கும் அளிக்க வேண்டும். பாக்கி உள்ளவர் வரி, பட்ஜெட் பிரேரணைகளில் அதைச் சொல்லிவிட்டு வோட்டளிக்காமல் விலக வேண்டும். இவற்றில் எதற்கும் சர்க்கார் கஜானாவிலிருந்து பெரும் பணம் வேண்டியதில்லை. கொஞ்சம் துணிவு வேண்டும்.

சட்டம் வரும் வரையில் கை கட்டிக் கொண்டிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. தமிழ் நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாட்கள் கிராம சபைக்குக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே எழுந்து, "பஞ்சாயத்தின் வரி நிலுவைக் கணக்கை வாசியுங்கள்; தலைவர், அங்கத்தினர் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள்" என்று கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நகரவாசிகள் பத்து ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை மனுப் போடலாம். முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். பெயருடன் கொடுக்க மறுத்தால், அங்கத்தினர்களில் எத்தனை பேருக்குப் பாக்கி, மொத்தத் தொகை என்ன, அவர்களுக்கு எத்தனை நோட்டீஸ் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று கேட்கலாம். ஒருவர் பெயரும் இல்லாத அந்த எண்ணிக்கையே பல உண்மைகளைப் பேசும்.

இவற்றையெல்லாம்விட முதலில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அது கட்சிகளின் கையில் இருக்கிறது. இதை வாசிக்கும் ஊழியர்களின் கையில் இருக்கிறது. எதிர்க் கட்சிக்காரனின் பாக்கியைத் தேடிப் புறப்படுமுன், தம் கட்சி அங்கத்தினர்களின் ரசீதுகளைக் கூட்டத்தில் வாங்கிப் பார்க்கட்டும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் மாதத்துக்குள் கட்டுகிறவர்களுக்கு நகராட்சிகள் நூற்றுக்கு 5 வரையில் ஊக்கத் தொகை தருகின்றன. கட்சி டிக்கெட்டில் ஜெயித்த ஒவ்வொருவரும் அந்த முதல் மாதத்திலேயே கட்டி, ரசீதைத் தம் வார்டில் ஒட்ட வேண்டும் என்று ஒரே ஒரு கட்சி தீர்மானித்தாலும் போதும். மற்றக் கட்சிகள் வெட்கத்தினாலாவது பின்தொடரும். வேட்பாளரைப் பொறுக்கும்போது ஜாதிக் கணக்கும் பணக் கணக்கும் பார்க்கிறவர்கள், இந்தச் சின்னக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

ஊராட்சி என்பது நம் வீட்டுக்கு மிக அருகில் உள்ள சுயராஜ்யம். டில்லியில் நடக்கும் அநியாயத்தைப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தெருக்கோடி மண்டபத்தின் அநியாயத்தை நாம் தினந்தோறும் கடந்து போகிறோம். அதைக் கேட்கத் துணியாதவர்கள் பெரிய ஊழல்களைப் பற்றி மேடையில் முழங்குவதில் யாருக்கு என்ன லாபம்? அந்த விதவையின் அரிசிப் பானைக்குள் ஒரு ரசீது இருக்கிறது. அடுத்த தேர்தலில் கை கூப்பி வருகிறவர் எந்தக் கட்சியினராயினும் சரி, முன்பு பதவியில் இருந்தவரானால், அவருடைய பத்து ரசீதுகளையும் கொண்டு வந்து காட்டச் சொல்லுங்கள்.